ஏரிக்கரையும் ஏட்டறிவும்

ஒரு நாட்டின் வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் அந்நாட்டை ஆண்ட அரசர்கள். அவர்கள் போர் செய்த ஆண்டுகளையும், எழுப்பிய கோயில்களையும், வெட்டிய ஏரிகளையும் நாம் நெட்டுருச் செய்கிறோம். ஆனால், அவ்வேரியில் ஆண்டுதோறும் வந்து இறங்கும் பறவைகள் எவை, கரையில் நிழல் பரப்பி நிற்கும் மரங்கள் எவை, நீரில் வாழும் மீன்கள் எவை என்று எவரேனும் கேட்பாராயின் வாய் திறவாது நிற்கிறோம். ஏரியை வெட்டிய மன்னன் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பறவைகளோ இவ்வாண்டும் வந்தன. அவற்றுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை எழுதிய நூல்கள் உண்டு. அந்நூல்களை எழுதுவதற்காக மழையிலும் வெயிலிலும் நடந்து, மரத்தடியில் நாட்கணக்காகக் காத்திருந்த அறிஞர்களும் உண்டு. அந்நூல்கள் நம் மாணவர் கைக்கு வரவேண்டும் என்பதும், அவை நம் மொழியிலேயே வரவேண்டும் என்பதும் என் கருத்து. இதற்கு மறுப்பு உரைப்போரும் உளர்; அவர்தம் மறுப்பையும் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டு அறிவியல் அறிஞர் சிலரைக் கூறுக என்றால், மாணவர்கள் இராமன், இராமானுசன், ஜகதீச சந்திர போசு என அடுக்குவர். நன்று; அப்பெரியோர் எந்நாட்டிற்கும் பெருமை தரத்தக்கவர். ஆயினும், காட்டிலும் கழனியிலும் நின்று உயிர்களை ஆராய்ந்த ஒருவர் பெயரேனும் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. இதனால் ஒரு தீங்கு விளைகிறது. அறிவியல் என்பது கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் நிறைந்த கூடத்தினுள் மட்டுமே நிகழ்வது என்று சிற்றூர் மாணவன் எண்ணிவிடுகிறான். அவன் பள்ளியில் அத்தகைய கூடம் இல்லை. ஆகவே, அறிவியல் தனக்கு உரியது அன்று என முடிவு கட்டிவிடுகிறான். பள்ளிச் சுவருக்கு அப்பால் ஒரு குளமும் நான்கு புளியமரங்களும் இருப்பதை அவனும் மறந்துவிடுகிறான், ஆசிரியரும் மறந்துவிடுகிறார்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கையை அத்தகைய மாணவன் அறிதல் வேண்டும். அவர் 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறப் புள்ளி இருந்தது. இது என்ன குருவி என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. மாமனார் அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் செல்லும்படி கூறினார். 1883ஆம் ஆண்டில் எண்மர் கூடித் தொடங்கிய கழகம் அது. அவ்வெண்மருள் இருவர் இந்தியர். கழகச் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் அச்சிறுவனை விரட்டிவிடவில்லை. இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பதம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். அன்று திறந்த கண் பின்னர் மூடவே இல்லை எனலாம்.

சாலிம் அலி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். மதிப்புறு பட்டங்கள் பின்னாளில் அவரைத் தேடி வந்தன. ஜெர்மனிக்குச் சென்று பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துவந்த வேலையும் பொருள் முடையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றிப் பம்பாய்க்கு எதிரே கடற்கரையில் உள்ள கிகிம் என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கினார். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. வேறொருவராயின் தம் வறுமையை நினைந்து வருந்திக்கொண்டிருப்பர். அவரோ நாள்தோறும் அக்கூடுகளைக் கவனித்து, கண்டவற்றை எழுதிவந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண்குருவிகள் வந்து பார்க்கும். பிடித்திருந்தால் ஒன்று அதனுள் குடிபுகும். அதன் பிறகே ஆண்குருவி கூட்டை முழுமையாகக் கட்டி முடிக்கும். முடித்ததும் அங்கேயே இருந்துவிடாது. அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடும். எத்தனையோ தலைமுறையாக எல்லாரும் பார்த்துவந்த குருவியிடம் இத்தனை புதுமை இருந்தது! அதனைக் கண்டறிவதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை கண்ணும் பொறுமையும் ஒரு குறிப்பேடுமே.

தூக்கணாங்குருவியைப் பற்றி நம் பாட்டிமார் கூறும் கதை ஒன்று உண்டு. அது களிமண்ணைக் கொண்டுவந்து, அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கு வைத்துக்கொள்ளும் என்பர். கூட்டினுள் களிமண் ஒட்டியிருப்பது மெய், எவரும் பார்க்கலாம். விளக்கு, கற்பனை. நாட்டு மக்களின் அறிவு என்று நாம் போற்றுவதில் இவ்வாறு களிமண்ணும் மின்மினியும் கலந்தே இருக்கும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது நல்ல இயற்கை நூலின் தொழில். கதை பொய் என்று கூறி அனைத்தையும் தள்ளிவிடுகிறவன், களிமண்ணையும் சேர்த்தே இழந்துவிடுகிறான்.

1941ஆம் ஆண்டில் சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' என்னும் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒவ்வொரு பறவைக்கும் வண்ணப்படம். அதன் எதிரே அளவு, நிறம், இருப்பிடம், உணவு, கூடு ஆகியவை பற்றிய சுருக்கமான செய்தி. சிறையில் இருந்த நேரு பெருமகனார் தம் மகள் இந்திராவுக்கு இந்நூலைப் பரிசாக அளித்தார். நாட்டின் விடுதலைக்காகச் சிறையில் இருந்தவர் தம் மகளுக்கு நாட்டின் பறவைகளையும் அறிமுகம் செய்ய எண்ணினார் என்பது என் உள்ளத்தைத் தொடும் செய்தி. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து இத்துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிப் பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1974 வரை சாலிம் அலி வெளியிட்டார். அவை ஆராய்ச்சியாளருக்கு உரியவை. மாணவருக்கு உரியது முதல் நூலே.

இனி, நூல் எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு வருவோம். இதற்கு விடை கூறத்தக்க வரலாறு ஒன்று நம் அண்டை நாடாகிய கேரளத்தில் நிகழ்ந்துள்ளது.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றி ஆண்டனர். அவர்களுடைய ஆளுநராக 1670 முதல் 1677 வரை அங்கிருந்த வான் ரீடு என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதுவிக்க விரும்பினார். அவர் போர்வீரர், தாவர நூல் வல்லவர் அல்லர். செடிகளை அறிந்தவர் உள்ளூர் மருத்துவர்களே. அவர்களுள் முதன்மையானவர் கரப்புறம் என்னும் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் துணை செய்தனர். செடிகள் கொண்டுவரப்பட்டன, ஓவியர் வரைந்தனர், மருத்துவர் பெயரும் பயனும் கூறினர், அவை மலையாளத்திலிருந்து மொழி மாறி மொழி மாறி இறுதியில் இலத்தீனில் அமைந்தன. 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்', அஃதாவது 'மலபார்த் தோட்டம்' என்னும் பெயருடன் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அந்நூல் அச்சாயிற்று. ஏறக்குறைய 740 செடிகள் அதில் விளக்கம் பெற்றன. உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வகுத்த லின்னேயசு, மலையாள நாட்டுத் தாவரங்களை அறிவதற்கு அந்நூலையே துணையாகக் கொண்டார்.

வான் ரீடிடம் ஒரு பெருந்தன்மை இருந்தது. தமக்கு உதவிய மருத்துவர்களின் சான்றுரைகளை அவர்கள் எழுதிய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சிட்டார். அதனால் இட்டி அச்சுதன் என்னும் பெயர் இன்றும் வாழ்கிறது. ஆயினும், யாருடைய நாட்டுச் செடிகளைப் பற்றி, யாருடைய அறிவைக் கொண்டு அந்நூல் எழுதப்பெற்றதோ அம்மக்களால் அதனைப் படிக்க இயலவில்லை. அது அவர்தம் மொழியில் இல்லை. கே. எஸ். மணிலால் என்னும் தாவரவியல் பேராசிரியர் இக்குறையைத் தீர்ப்பதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இலத்தீன் கற்றார், நூலில் உள்ள செடிகளை மீண்டும் தேடிக் கண்டு சரிபார்த்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாள மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. முதல் தொகுதி அச்சான ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 330 ஆண்டுகள்! தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றித் தன் முன்னோர் சொன்ன சொல்லைக் கேட்பதற்கு ஒரு மக்கள் கூட்டம் முந்நூற்று முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்குவதற்கு இல்லை. நம் நாட்டில் இருளர் என்னும் பழங்குடியினர் உளர். பாம்பின் தடம், வளை, உரித்த சட்டை ஆகியவற்றைக் கொண்டே அது எவ்வகைப் பாம்பு என்று கூற வல்லவர் அவர்கள். 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்து, பாம்பின் நஞ்சைக் கறந்து நச்சுமுறி மருந்து செய்வோர்க்கு அளித்துவருகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கு 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மகிழத்தக்க செய்தியே. ஆனால், அவர்கள் அறிந்தவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிய நூல் ஒன்றை நம் பள்ளி நூலகத்தில் தேடினால் கிடைக்குமா? முதியவர் ஒருவர் மறையும்தோறும் எழுதப்படாத ஒரு நூல் மறைகிறது. இட்டி அச்சுதனுக்கு ஒரு வான் ரீடு வாய்த்தார், எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

"பறவையின் பெயரையும் புல்லின் பெயரையும் அறிவதால் வயிறு நிறையுமா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடையாகக் கோயம்புத்தூர்க் கரும்பைக் கூறலாம். அங்குக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கப்பெற்றது. அந்நாளில் வடநாட்டில் விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. தடித்த இனிய கரும்போ வடநாட்டுக் குளிரைத் தாங்காது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் தமிழரும் ஆற்றங்கரையில் தானே வளரும் நாணல் இனப் புல்லைத் தடித்த கரும்போடு கலந்து புதுக் கரும்பு ஒன்றை உண்டாக்கினர். 1918இல் வெளியான கோ 205 என்பது அது. கோவைப் பகுதியில் எவரும் பொருட்படுத்தாது விட்ட புல், பஞ்சாபு உழவனின் வயலில் சர்க்கரையாயிற்று! அப்புல்லை அறிந்தவர் இல்லாதிருந்தால் இது நடந்திராது.

அந்நிலையத்தில் 1934 முதல் சில ஆண்டுகள் பணியாற்றியவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்த அவர், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அவருடைய தந்தையார் நீதிமன்றப் பணியில் இருந்தவர். ஓய்வு நேரங்களில் பறவைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதியவர். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில் ஜானகி அம்மாள் அமெரிக்கா சென்று 1931இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். உயிரணுவினுள் அமைந்த குரோமோசோம்களை எண்ணி ஆராய்வதில் வல்லவரான அவர், டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்துக் கூறும் நூலை 1945இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பிற்கு இணங்கித் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். முதுமையில், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டை அணைநீரில் மூழ்கவிடலாகாது என்று குரல் எழுப்பியவருள் அவரும் ஒருவர். 1984இல் சென்னைக்கு அருகே மதுரவாயலில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. சென்னையில் பயின்று, கோவையில் ஆராய்ந்து, சென்னையிலேயே மறைந்த இப்பெருமாட்டியின் பெயரை நம் மாணவியர் எத்துணைப் பேர் அறிவர்?

மற்றொரு மறுப்பும் உண்டு. "அறிவியலுக்கு உலகப் பொதுமொழி வேண்டும், ஊருக்கு ஊர் மாறும் நாட்டுப் பெயர்களால் குழப்பமே மிகும்" என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே பறவையைச் சிலர் செம்போத்து என்பர். சிலர் செண்பகம் என்பர். கரிச்சானுக்கு இரட்டைவால் குருவி என்றும் பெயர். ஆகவே, உலகம் ஒப்பிய இலத்தீன் பெயர் இருக்கட்டும். அதனை நீக்குமாறு எவரும் கூறவில்லை. அதன் அருகே நம் பெயர்களும் இருத்தல் வேண்டும். ஒன்றுக்கு மூன்று இருந்தால் மூன்றும் இருக்கட்டும். இலத்தீன் பெயர் அறிஞர் அவையில் பேசுவதற்கு. நம் பெயர் ஏரிக்கரையில் கேட்பதற்கு.

தமிழில் இத்தகைய நூல்கள் அறவே இல்லை என்றும் கூறுதல் கூடாது. வழக்கறிஞராக இருந்த பெ. நா. அப்புசாமி 1917ஆம் ஆண்டு தொடங்கி அறிவியலை இனிய தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் விலங்கும் பறவையும் மரமும் தக்க இடம் பெற்றுள்ளன. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், மாநிலக் கல்லூரியில் ஃபைசன் என்னும் தாவரவியல் பேராசிரியரிடம் பயின்றவர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் வளரும் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர் ஃபைசன். அந்நூலுக்குப் படம் வரைந்தவர் அவர் மனைவியார். இவ்விருவருடன் மலைகளில் நடந்த மாணவர், பின்னாளில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை இயற்கைக் கட்டுரைகளை இடைவிடாது எழுதினார்; தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பிற்காலத்தில் தொகுத்து அளித்தவர் தியடோர் பாஸ்கரன். அவரே சிறந்த இயற்கைக் கட்டுரையாளர். க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளைப் பற்றி நூல் செய்தார். இவை உள்ளன; ஆனால், இவை நூலக அலமாரியில் பூட்டப்பட்டுள்ளன. பாடநூலின் பக்கத்தில் வைத்துப் படிக்கும் நூல்களாக இவை இன்னும் ஆகவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை நிரல்படக் கூறினார் என்று நாம் பெருமையோடு எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அவற்றுள் ஒன்பது மலர்களையேனும் செடியில் காட்டுக என்றால், பெருமை பேசிய நாமே விழிக்கிறோம்.

நான் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருந்தபோது நிகழ்ந்தது இது. ஒருநாள் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே மின்கம்பியில் ஒரு பறவை அமர்ந்திருந்தது. மங்கிய நிறம், பார்ப்பதற்கு அழகற்றது. திடீரென்று அது பறந்தபோது இறக்கை இரண்டும் நீல ஒளியாய் விரிந்தன. "அது என்ன பறவை?" என்று வகுப்பைக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த நன்மாணாக்கர் எவர்க்கும் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் மெல்ல எழுந்தான். ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை. அறிவியல் பாடத்தில் எப்போதும் தோல்வியுறுபவன். "பனங்காடைங்க ஐயா. மொட்டைப் பனை பொந்துல முட்டையிடும். முட்டை வெள்ளையா இருக்கும்" என்றான். "இதை யார் உனக்குச் சொன்னார்கள்?" என்றேன். "யாரும் சொல்லலீங்க. ஏறிப் பாத்தேன்" என்றான். ஏறிப் பார்ப்பதே அறிவியல் என்று அவனுக்கு அதுவரை எவரும் கூறவில்லை, நானும் கூறியதில்லை.

மறுநாள் சாலிம் அலியின் நூலை அவனிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அவனுக்கு எட்டவில்லை. ஆகவே, மாலைதோறும் இருவரும் பள்ளித் திண்ணையில் அமர்ந்தோம். அவன் படத்தைத் தொட்டுத் தன் ஊர்ப் பெயரைக் கூறுவான். நான் அதன் எதிரே உள்ள செய்தியைத் தமிழாக்கிப் படிப்பேன். பிறகு அவன் கூறிய பெயரைப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவோம். சிலபோது நூல் கூறுவதை ஒப்புக்கொள்வான். சிலபோது தலையை அசைத்து, "நம்ம ஏரியில அப்படி இல்லீங்க" என்பான். அவ்வாறு அவன் மறுத்த இடங்களில் எல்லாம் ஒரு வினாக்குறி இட்டு வைத்தோம். அந்நூல் இன்றும் என்னிடம் உள்ளது. அட்டை கிழிந்துவிட்டது, பென்சில் எழுத்துகள் மங்கிவருகின்றன. நாற்பத்தொரு பெயர்களும் ஏழு வினாக்குறிகளும் அதில் உள்ளன. ஏழில் மூன்றுக்கு விடை கண்டோம். அவற்றுள் இரண்டில் அவன் கூறியதே சரியாயிருந்தது. மற்ற நான்கும் இன்னும் அப்படியே இருக்கின்றன.